பின்பக்கத்துச் சொற்கள்

ஓசூரில் எங்கள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு முப்பது நிமிடம். கை கழுவ, வரிசையில் நிற்க, தட்டைக் கொண்டுபோய் வைக்க என்று பன்னிரண்டு நிமிடம் போய்விடும். மீதமுள்ள பதினெட்டு நிமிடம் நாங்கள் மூன்று பேர் கேன்டீனின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பேசுவோம். மூன்று வருடமாக அதே மேசை. ஒருவர் மெயின்டனன்ஸ் பிரிவில் இருப்பவர். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வரும் கன்னடக்காரர். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர், டிசைன் இன்ஜினியர். மூன்றாவது ஆள் நான், தரப் பரிசோதனைப் பிரிவு.

போன மார்கழியில் ஒரு வியாழக்கிழமை அந்த இன்ஜினியர் சோற்றில் கை வைக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதப் பாத்தீங்களா? ஒலகத்துல எந்த மொழியில எத்தனை சொல்லு இருக்குன்னு வரிசை போட்டு அனுப்பியிருக்கான். தமிழு கீழ கெடக்கு. எவன் ஒக்காந்து எண்ணுனானாம்?"

"கன்னடா எங்கே இருக்கு, அதப் பாரு முதல்லே," என்றார் கன்னடக்காரர்.

"ஒங்க பேரே லிஸ்ட்ல இல்ல."

"அப்போ லிஸ்டே தப்பு. டெலீட் பண்ணிடு."

"எங்க ஊர்ல சோத்துக்கு மட்டும் எத்தனை சொல்லு தெரியுமா? சோறு, சாதம், அன்னம்..."

"தட்டுலே இருக்கறது அதே அரிசி தானேப்பா? நாங்க ஒரு பேர் சொல்லிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சுடுவோம். நீங்க பேர் வெச்சு முடிக்கறதுக்குள்ளே ஆறிப்போயிடும்."

தெலுங்குக்காகப் பேச அன்று எங்கள் மேசையில் ஆள் இல்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய் நாட்குறிப்பு எழுதும்போதுதான் தோன்றியது.

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "சாரைக் கேளு. போன வருஷம் இதே நாள் கேன்டீன்லே என்ன கூட்டுன்னு கேட்டாக்கூட நோட்டுலே வெச்சிருப்பாரு," என்றார் கன்னடக்காரர். அதில் பொய் இல்லை. பத்தொன்பது வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறேன்.

எண்ணுவது என் தொழில். அதனால் கொஞ்சம் உபதேசமாகவே பேசிவிட்டேன். எதை எண்ணினாலும், எதை ஒன்று என்று கொள்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றேன். வந்தான், வந்தாள், வந்தது என்பவை மூன்று சொல்லா, ஒன்றா? ஒட்டி எழுதும் மொழியில் எண்ணிக்கை ஏறும், பிரித்து எழுதும் மொழியில் இறங்கும். ஒரு அகராதி தடிமனாக இருந்தால், அதற்காக நிறையப் பேர் நிறைய வருடம் உட்கார்ந்தார்கள் என்று அர்த்தம். உட்கார ஆள் கிடைக்காத மொழியின் அகராதி மெலிந்திருக்கும். அதனால் அந்த மொழியைப் பேசுகிறவர்கள் வாயில் சொல் குறைந்துவிடாது. இரண்டு பேர் இரண்டு அளவுகோலால் அளந்ததை ஒரே தாளில் எழுதி, இது பெரிது, அது சிறிது என்று சொன்னால் எங்கள் பிரிவில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவோம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "மொழியை யாராலயும் எண்ண முடியாது. ஆளை எண்ணலாம். நான் ஒரு ஆளோட சொல்லை எண்ணியிருக்கேன். ஒண்ணு விடாம," என்றேன்.

"யாரோடத அண்ணாச்சி?"

"என் பொண்ணோடது. ரெண்டு வயசுல."

"நாளைக்குக் கொண்டாங்க. பாப்பம்."

அன்று மாலை நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். என் நோட்டுகள் வருட வரிசையில் இருக்கும். இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. பழுப்பு அட்டை போட்ட எண்பது பக்க நோட்டு. அட்டையில் என் கையெழுத்தில் 'சொல் சரிபார்ப்பு' என்று இருந்தது.

அந்த நோட்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

நான் நாகரசம்பட்டிக்காரன், வீட்டில் தமிழ். என் மனைவி பேரிகைப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு. பத்தாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவள். இந்தப் பக்கத்தில் இப்படிக் கல்யாணம் நடப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று அவள் என்னிடம் பேசிய தமிழ்ச் சொற்கள் மூன்று: வாங்க, தண்ணி, சரி. அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. ஓசூரில் குடிவைத்த பிறகு வீட்டில் இரண்டு மொழியும் ஓடியது. அவள் தெலுங்கில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். எனக்குத் தெரிந்தது கடைத் தெலுங்கு. என்ன விலை, எப்போது வரும், இன்னும் கொஞ்சம் போடு. அதற்கு மேல் கற்றுக்கொள்ள நான் முயற்சி எடுக்கவில்லை. வேலை நடந்துவிட்டது.

மகள் பிறந்து இரண்டு வயது ஆனபோது, பக்கத்து வீட்டில் அதே வயதுப் பையன் வாய் ஓயாமல் பேசினான். எங்கள் குழந்தை நான் வீட்டில் இருக்கும்போது அதிகம் பேசவில்லை. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மனைவிக்கு இல்லை.

"பேசறாளே," என்பாள்.

"எங்க பேசறா? நான் வந்தா வாயே திறக்கமாட்டேங்கறா."

"நீங்க போனப்புறம் பேசறாளுங்க. வாய் வலிக்குது எனக்கு, பதில் சொல்லி."

குழந்தைகள் டாக்டரிடம் அவளைக் கூட்டிப் போனேன். "ரெண்டு வயசுக்கு ஒரு அம்பது சொல்லாவது இருக்கணும். எத்தனை சொல்றா?" என்று கேட்டார். எங்களால் சொல்ல முடியவில்லை. "ஒரு மாசம் டைம் குடுங்க டாக்டர். எண்ணிட்டு வர்றேன்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இப்படிச் சொன்ன முதல் அப்பா நீங்கதான்," என்றார். எனக்கு அது பாராட்டாகத் தெரிந்தது.

அந்த மாதம் எனக்கு முதல் ஷிப்ட். மாலை முழுவதும் பென்சிலோடு தரையில் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் செய்வது போலவே செய்தேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தோடு ஒத்துப்போகும் பாகம் பச்சை டப்பாவுக்குப் போகும். ஒத்துப்போகாதது சிவப்பு டப்பாவுக்கு. அளக்கும் கருவி கைவசம் இல்லாததால் சரிபார்க்க முடியாத பாகம் மஞ்சள் டப்பாவுக்கு. மஞ்சளில் கிடப்பது கெட்டது என்று அர்த்தம் இல்லை. ஆனால் அன்றைய எண்ணிக்கையில் அதைச் சேர்க்கக் கூடாது.

நோட்டின் முதல் பக்கத்தில் விதிகள் எழுதினேன். குழந்தை தானாகச் சொல்ல வேண்டும். பொருள் தெரிந்து சொல்ல வேண்டும். வேறு வேறு நாளில் மூன்று முறையாவது சொல்ல வேண்டும். நானே காதால் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எழுதியபோது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது நினைவிருக்கிறது.

நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் மனைவி ஓடி வருவாள்.

"ஏங்க, இன்னிக்கி சீமன்னு சொன்னா. எறும்பைக் காட்டி."

"அது தெலுங்கு."

"ஆமா. எறும்புதான்."

"தமிழ்ல சொன்னாளா?"

"என்கிட்ட எதுக்குத் தமிழ்ல சொல்லணும்?"

என்னிடம் விதி இருந்தது. நான் கேட்காதது, கேட்டாலும் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாதது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்தில் 'பிற' என்று தலைப்புப் போட்டு அங்கே எழுதினேன். நாலைந்து நாள் நான் தமிழ் எழுத்தில் எழுதியதைப் பார்த்து அவள் முகம் சுளித்தாள். "இப்படி எழுதினா வேற ஏதோ மாதிரி இருக்குதுங்க," என்று பென்சிலை வாங்கித் தெலுங்கு எழுத்தில் தானே எழுத ஆரம்பித்தாள். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். அதன்பிறகு முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவளுக்கு. அவள் எழுதியதை என்னால் படிக்க முடியாது. படிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். "முப்பத்தெட்டு," என்றேன். விதிகளையும் காட்டினேன்.

"வீட்ல என்ன மொழி?"

"நான் தமிழ் டாக்டர். இவங்க தெலுங்கு."

"இது எல்லாம் சேர்த்தா?"

"சரிபார்த்தது முப்பத்தெட்டு," என்றேன்.

என் பதிலில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பதில் எனக்கு உறுத்தாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். குழந்தையை மடியில் வைத்திருந்த மனைவி, "இல்ல சார், இன்னும்..." என்று தொடங்கி அடுத்த தமிழ்ச் சொல்லுக்காகத் தேடினாள். நான் அவள் கையைப் பிடித்து, "இரு, நான் சொல்றேன்," என்றேன். சொல்லவில்லை.

ரெண்டு மொழியில் குழந்தைக்குக் குழப்பமாக இருக்கலாம், கொஞ்ச காலம் வீட்டில் ஒரே மொழியாகப் பேசிப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் எது வரப்போகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கொடுத்த எண்ணுக்கு அவர் பதில் சொன்னார்.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: 'இன்று முதல் வீட்டில் தமிழ் மட்டும். அவளும் ஒப்புக்கொண்டாள்.' எப்படி ஒப்புக்கொண்டாள் என்று எழுதவில்லை. "சரி" என்றாள். பெண் பார்க்கப் போன அன்று சொன்ன மூன்று சொற்களில் ஒன்று.

அவள் வாக்குத் தவறவில்லை. குழந்தையிடம் அவள் பேசிய தமிழ் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வா. சாப்பிடு. வேண்டாம். தூங்கு. அங்க போகாத. அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். குழந்தையிடம் கொஞ்சுவதற்கு அவளுக்குத் தமிழில் யாரும் சொல் கொடுத்திருக்கவில்லை. தூங்கவைக்கும்போது முன்பு ஏதோ பாடுவாள். அதன்பிறகு ராகம் மட்டும் வந்தது, வார்த்தை இல்லாமல். விதியை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினாள். நான் அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்து அறையில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன்.

சில மாதத்தில் குழந்தை தமிழில் பொரிந்து தள்ளியது. என் முறை ஜெயித்தது என்று நினைத்தேன். கம்பெனியில் பலரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். எந்த வழியிலும் அவள் பேசியிருப்பாள் என்ற எண்ணம் எனக்கு ஒரு முறைகூட வரவில்லை.

மகள் நன்றாகப் படித்தாள். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கினாள். இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அறைத் தோழிகளிடம் கன்னடமும் கற்றுக்கொண்டாள். தினமும் மாலை போன் செய்வாள். முதலில் அம்மாவிடம். "சாப்டியா? உடம்பு பரவாயில்லையா? சரி, அப்பாகிட்ட குடுக்கறேன்." இவள் பேச்சு அவ்வளவுதான், ஒரு நிமிடம் தாண்டாது. பிறகு என்னிடம் அரை மணி நேரம். அலுவலகத்தில் நடந்தது, வாங்கிய செருப்பு, பிடிக்காத மேனேஜர், எல்லாம். அம்மா பேச்சு குறைவு, அது அவள் சுபாவம் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம்.

அது சுபாவம் இல்லை என்பதற்கு எனக்குச் சாட்சி இருந்தது. பாகலூரில் ஒரு கல்யாணம். மகளுக்குப் பதினைந்து வயது. மண்டபத்தின் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, என் மனைவி நடுவில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி, குரலை மாற்றி, ஒரு இடத்தில் எழுந்து நின்று நடந்து காட்டி. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மகள் வட்டத்தின் ஓரத்தில் நின்று, மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்தாள், ஒரு கணம் தாமதமாக. பிறகு என்னிடம் வந்தாள்.

"அம்மா என்ன சொல்றாங்கப்பா?"

எனக்கும் புரியவில்லை. விலை கேட்கிற தெலுங்கு அங்கே உதவவில்லை. "ஏதோ பழைய கதை," என்றேன்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு போன மார்கழி வியாழக்கிழமை அந்த நோட்டைத் திறக்கவில்லை. கேன்டீனில் காட்டப் போகும் பெருமையோடுதான் திறந்தேன். முன்பக்கம் முப்பத்தெட்டு வரி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதிகள், டிக் அடையாளங்கள். பார்க்க அழகாக இருந்தது. மூடப் போகும்போது நோட்டு கையில் தலைகீழாக வந்தது. பின்பக்கத்தில் முதல் சில வரி என் தமிழ், அதன்பின் முழுக்க அவளுடைய வட்ட வட்டமான எழுத்து. படிக்கத்தான் தெரியாது, வரியை எண்ணத் தெரியுமே. டாக்டரைப் பார்த்த தேதி வரை ஐம்பத்தேழு வரி இருந்தது.

பென்சிலால் ஓரத்தில் கூட்டினேன். தொண்ணூற்றைந்து.

அவர் கேட்டது ஐம்பது.

மஞ்சள் டப்பாவில் போட்டதை ஒரு வாரத்துக்குள் சரிபார்த்து முடிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் இன்னொரு விதி. அதைச் சொல்லிக்கொடுத்து எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். இந்த ஐம்பத்தேழும் இருபத்திரண்டு வருடம் கிடந்திருக்கிறது. அளக்கும் கருவி வெளியூரில் இல்லை, சமையலறையில் இருந்தது.

இன்னொன்றையும் பார்த்தேன். டாக்டரைப் பார்த்த பிறகும் வரிகள் தொடர்ந்தன. தேதிகள் எண்ணில் இருந்ததால் என்னால் படிக்க முடிந்தது. முதலில் நாளுக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று. நாலு மாதம் கழித்து ஒரு வரி. அதன்பிறகு வெறும் தாள்.

மனைவி சமையலறையில் கீழே உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன்.

"இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "இது இன்னும் இருக்குதா?" என்றாள். பிறகு படித்தாள். புவ்வ. லால. குக்க. பில்லி. சீம. நீள்ளு. சந்தமாம. சோறு, குளியல், நாய், பூனை, எறும்பு, தண்ணீர், நிலா என்று எனக்காகச் சொல்லிக்கொண்டே போனாள். பத்துப் பன்னிரண்டு சொல் ஆனதும் எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள். தனக்காகவே படித்தாள். சுவருக்கு அப்பாலிருந்து மட்டுமே நான் கேட்டிருந்த குரல் அது.

"டாக்டரைப் பார்த்துட்டு வந்த பின்னாடியும் எழுதியிருக்கியே?"

"பேசக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. எழுதக் கூடாதுன்னு சொல்லலையே. அவ சொன்னதை எழுதினேன். நான் ஒண்ணும் பேசலை."

"கடைசியா என்ன இருக்கு?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "செப்பு."

"சொல்லுன்னு அர்த்தமா?"

"கதை சொல்லுன்னு கேட்டா. அவளுக்கு ஒரு எறும்புக் கதை இருந்துச்சு, தினமும் கேப்பா. நான் அன்னிக்குத் தமிழ்ல சொன்னேன். ரெண்டு வரியில முடிஞ்சுபோச்சு." அவரைக் கொட்டையை மறுபடி எடுத்தாள். "அப்புறம் கேக்கல."

நான் ஓரத்தில் கூட்டியிருந்ததைக் காட்டினேன். "அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். எல்லாம் சேர்த்தா தொண்ணூத்தஞ்சு. அவளுக்கு எந்தக் குறையும் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கு எண்ணத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்க கையைப் பிடிச்சீங்க."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கேன்டீனில் இன்ஜினியர் கையை நீட்டினார். நோட்டு கிடைக்கவில்லை என்றேன். "ஒங்க நோட்டு கெடைக்கலியா? ஒலகம் அழியப்போவுது அண்ணாச்சி," என்றார். கன்னடக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பேச்சை மாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவளிடம் சொல்லப் போகிறேன் என்றபோது மனைவி, "இப்ப என்னத்துக்குங்க," என்று தடுத்தாள். ஆனாலும் சொன்னேன். காலை டிபன் முடிந்ததும் நோட்டைக் கையில் கொடுத்து, டாக்டரிடம் நடந்தது, நான் சொன்ன பதில், போட்ட விதி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் பின்பக்கம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். விரலை வைத்து அந்த எழுத்துகளைத் தடவினாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது.

"நீ ஏம்மா அப்பவே சண்டை போடல?"

"உங்கப்பா எண்ணிட்டு இருந்தாரு," என்றாள் மனைவி.

மகள் என்னைப் பார்க்கவில்லை. "காலேஜ்ல ஒரு தடவை அம்மாவைப் பத்திப் பேசச் சொன்னாங்கப்பா. எங்கம்மா அதிகம் பேசமாட்டாங்க, அமைதியானவங்கன்னு பேசினேன். எல்லாரும் கைதட்டினாங்க." நோட்டை மூடிவிட்டு அம்மா பக்கம் திரும்பினாள். "எனக்கு உன்கிட்ட பேச ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன்மா. உனக்கும் என்கிட்ட பேச ஒண்ணும் இல்லைன்னு."

மனைவி தட்டுகளை அடுக்கினாள்.

"அந்த எறும்புக் கதையை இப்ப சொல்லு. தெலுங்குலயே சொல்லு. புரியாட்டிப் பரவாயில்ல."

மனைவி உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு இரண்டு வாக்கியம் தெலுங்கில் சொன்னாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது வாக்கியம் தானாகத் தமிழில் வந்தது. "ஒரு எறும்பு சந்தைக்குப் போச்சு. வெல்லம் வாங்குச்சு. திரும்பி வந்துச்சு. அவ்வளவுதான்." எழுந்து குக்கர் வைக்கப் போய்விட்டாள். உள்ளிருந்தே சொன்னாள்: "உன் மூஞ்சியைப் பாத்தா தமிழ்தான் வருது. அப்படியே பழகிப்போச்சு. குழந்தைங்ககிட்ட பேசற தெலுங்கு வேறம்மா. அது எங்க போச்சோ தெரியல."

நோட்டில் தொண்ணூற்றைந்து என்று திருத்தி எழுதிவிட்டால் ஏதோ ஒன்று சரியாகும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை பஸ் ஏறும் முன் மகள்தான் ஒரு வழி சொன்னாள். "நீயும் பெரியம்மாவும் தினமும் போன்ல பேசுவீங்க இல்ல? அதுல என்னையும் சேர்த்துக்கோ. நான் வாயே திறக்கமாட்டேன். கேட்டுட்டு இருக்கேன்." மனைவிக்கு மூன்று பேர் ஒரே அழைப்பில் பேசலாம் என்பதே தெரியாது. மகள் போனை வாங்கிக் காட்டிக்கொடுத்தாள்.

புதன்கிழமை மாலை ஆறரைக்கு முதல் அழைப்பு. மனைவி சமையலறை வாசலில் போனை ஸ்பீக்கரில் போட்டு, அவரைக் கொட்டைப் பாத்திரத்தோடு உட்கார்ந்தாள். நான் கூடத்தில் இருந்தேன். முதல் ஐந்து நிமிடம் எங்கள் வீட்டு அம்மாவாகவே பேசினாள், ஒற்றை ஒற்றைச் சொல்லாக. அவள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏமே, மாட்லாடவேமே?" என்று அதட்டினாள். ஏன்டி பேசமாட்டேங்கறே என்பது எனக்கே புரிந்தது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இவள் சொன்னாள். அந்த முனையில் பெரிய சிரிப்பு. பிறகு அக்கா யாரோ உறவினரைப் பற்றி ஏதோ கிளறிவிட, இவள் மறுத்து ஒன்று சொல்ல, அதிலிருந்து இன்னொன்று போக, எப்போது என்று சொல்ல முடியாத ஒரு இடத்தில் என் மனைவி பாகலூர் மண்டபத்துப் பெண்ணாக மாறியிருந்தாள். குரலை மாற்றி மாற்றிப் பேசினாள். ஒரு இடத்தில் யாரையோ போல நிறுத்தி நிதானமாகப் பேசிக் காட்டினாள். அக்கா மூச்சுவாங்கச் சிரித்தாள். மகளின் போனிலிருந்து பெங்களூர் டிராபிக் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அக்கா வைத்த பிறகும் மகள் இருந்தாள்.

"எவ்வளவு புரிஞ்சுது?" என்று மனைவி தமிழில் கேட்டாள்.

"பத்துல ஒண்ணும்மா." பிறகு கேட்டாள்: "நடுவுல ஒருத்தர் மாதிரி பேசிக் காட்டினியே, அது யாரு?"

"உங்கப்பா."

மகள் சிரித்த சிரிப்பு கூடம் வரை கேட்டது. இந்த முறை தாமதமாக இல்லை.

நான் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில், பக்கத்து அறையில், அந்த மொழியின் கதைகளில் நான் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

"என்னைப் பத்தி என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

அவள் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே யோசித்தாள். சொல்லலாமா என்று நிஜமாகவே யோசித்தது தெரிந்தது.

"தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுங்க," என்றாள்.